ஒரு பக்கக் கன்னம் மரத்தால்

பங்குனி, சித்திரையில் அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கத்து முந்திரித் தோப்புகளில் காலடியெல்லாம் பழமாகக் கிடக்கும். கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டு நாளில் அது புளித்து நசுங்கி, மேலே வெள்ளையும் சாம்பலுமாய்ப் பூசணம் பூக்கும். அழுகிய பழம், ஊசிய ரொட்டி, சாணம், குப்பைமேடு என ஈரமும் மக்கலும் உள்ள இடங்களிலெல்லாம் வளரும் இந்தப் பூசணக் கூட்டத்தில் ரைசோபஸ் ஒன்று. அதன் வித்துத்தூள் செந்துறைக் காற்றிலும் உண்டு, சென்னைக் காற்றிலும் உண்டு. எல்லோரும் தினமும் மூச்சோடு இழுக்கிறோம். நல்ல உடம்பில் வெள்ளணுக்கள் அதை முளைக்க விடுவதில்லை.

2021 கோடையில் அந்தக் காவல் பல உடம்புகளில் சரிந்தது. கொரோனா இரண்டாம் அலையில் பிழைத்து வீடு திரும்பியவர்கள், முகம் வீங்கி மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். மே 20 அன்று தமிழக அரசு இந்தப் பூசணங்களால் வரும் மியூகார்மைகோசிஸை, அதாவது செய்திகளில் அடிபட்ட கரும்பூஞ்சை நோயை, பொது சுகாதாரச் சட்டத்தின் கீழ் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய நோய்களில் சேர்த்தது. ஜூன் முடிவதற்குள் நாட்டில் நோயாளிகள் 40,000-ஐத் தாண்டினார்கள். 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள். புது நோய் வந்துவிட்டது என்று ஊரே பேசியது. உண்மையில் மருத்துவ ஏடுகளில் இது 19-ஆம் நூற்றாண்டிலேயே பதிவானது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் கொரோனாவுக்கு முந்தைய பத்தாண்டு நோயாளிகளை ஆராய்ந்து 2019-இலேயே கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள்.

இன்னொரு பயமும் அப்போது பரவியது: நோயாளியைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று. ஒட்டாது. ஆளிடமிருந்து ஆளுக்கு இது வருவதில்லை. பெரும்பாலும் மூச்சுவழி வருகிறது. சில சமயம் விபத்துக் காயத்தில் மண் படிந்து தோல்வழியும் நுழைகிறது. அப்படிக் காயத்தில் புகும் அபோஃபைசோமைசிஸ் என்ற பூசணம் முதன்முதலில் கண்டெடுக்கப்பட்டதே வட இந்திய மாந்தோப்பு ஒன்றின் மண்ணில்தான்.

அப்படியானால் இத்தனை பேரில் சிலரை மட்டும் ஏன் பிடிக்கிறது? முதல் காரணம் கட்டுக்கடங்காத சர்க்கரை. இந்தப் பூசணத்துக்கு இரும்புச்சத்து வேண்டும். நம் ரத்தத்தில் இரும்பை ஒரு புரதம் இறுகப் பிடித்து வைத்திருக்கிறது. சர்க்கரை எகிறி ரத்தம் அமிலமாகும்போது அந்தப் பிடி தளர்கிறது. அதே நேரத்தில் ரத்தக் குழாயின் உட்சுவர், பூசணம் பற்றிக்கொள்ள உதவும் புரதத்தைக் கூடுதலாக உருவாக்குகிறது, வெள்ளணுக்களும் சோர்ந்துபோகின்றன. இதன்மேல் ஸ்டீராய்டு சேர்ந்தால் சர்க்கரை இன்னும் ஏறும், எதிர்ப்பு இன்னும் இறங்கும். 2020-இல் பிரிட்டனில் நடந்த ஆய்வு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொரோனா நோயாளிகளின் உயிர் காக்கும் என்று காட்டியது உண்மை. ஆனால் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கு மட்டும். நாளைக்கு 6 மில்லிகிராம். பத்து நாளுக்கு மேல் இல்லை. நம் ஊரில் சாதாரணக் காய்ச்சலுக்கும் அதை வாங்கி விழுங்கினார்கள். இந்தியாவின் 16 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு ஒன்றும் முறையற்ற ஸ்டீராய்டையும் ஆக்சிஜன் குறைவையும்தான் கைகாட்டியது.

நோய் வெளிப்படும் விதத்தில் வீட்டிலிருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒரு பக்கச் சாய்வு. சளி பிடித்தால் இரண்டு மூக்கும் அடைக்கும். இதில் பெரும்பாலும் ஒரு பக்கம்தான். அந்தப் பக்கக் கன்னம் வலிக்கும். பிறகு தொட்டால் உணர்ச்சியே இருக்காது, பல் பிடுங்க ஊசி போட்டது மாதிரி மரத்துக் கிடக்கும். மேல்தாடைப் பற்கள் காரணமில்லாமல் ஆடும். "சொத்தைப் பல்லா இருக்கும்" என்று பல் டாக்டரிடம் போய் அங்கே நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் உண்டு. மூக்கிலிருந்து ரத்தம் கலந்தோ கறுத்தோ சளி வரும். மூக்கையொட்டிய சைனஸ் அறைக்கும் கண்குழிக்கும் நடுவில் இருப்பது மிக மெல்லிய எலும்பு. அதைத் தாண்டினால் இமை தொங்கும், விழி பிதுங்கும், பார்க்கிற பொருள் இரண்டாகத் தெரியும், பிறகு பார்வை போகும். அடுத்தது மூளை.

கறுப்பு இதில் கடைசியில் வருவது. உடம்புக்குள் வளரும் பூசண இழைக்கு அந்த நிறம் கிடையாது. அது ரத்தக் குழாய்க்குள் புகுந்து அடைத்துவிடுவதால், ரத்தம் கிடைக்காமல் செத்த சதைதான் அண்ணத்திலும் மூக்கினுள்ளும் கறுப்பாகத் தெரிகிறது. அதைப் பார்த்த பிறகு கிளம்புகிறவர் பல நாட்களை இழந்திருப்பார். காது மூக்கு தொண்டை நிபுணர் மூக்கினுள் குழாய்க் கேமரா விட்டுத் துளி சதை எடுத்தால், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வைத்து அன்றைக்கே மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிடலாம். குறுக்குச் சுவர் அநேகமாக இல்லாத அகலமான இழைகள், செங்கோணத்தில் கிளைவிட்டுத் தெரியும்.

செத்த சதையை அறுத்து எடுத்தாக வேண்டும். ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. சிலருக்குக் கண்ணையே எடுக்க நேர்ந்தது. மருந்து ஆம்போடெரிசின்-பி. பழைய வகை விலை குறைவு, ஆனால் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். கொழுப்புறை போட்ட புது வகை கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் தரப்படுகிறது. அறுபது கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம் குப்பிகள் ஆறு. வாரக்கணக்கில் போட வேண்டும். அந்த மே மாதத்தில் ஒரு குப்பிக்கே ஊர் ஊராக அலைந்தார்கள்.

செந்துறைக்காரருக்குத் தூரமும் சேர்ந்துகொண்டது. அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் பெரும்பாலும் திருச்சியோ தஞ்சாவூரோதான். ஊரடங்கு நேரத்தில் பஸ்ஸும் இல்லை. "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட இந்த நோயில் இடமே கிடையாது.

இப்போது கொரோனா ஓய்ந்துவிட்டது; பூசணம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனால் மாத்திரை வருவது தெரிந்த நோயாளிக்கு. மியூகார்மைகோசிஸ் என்று சேர்க்கப்பட்டவர்களில் சிலருக்கு, தங்களுக்குச் சர்க்கரை இருப்பதே ஆஸ்பத்திரியில் அன்று ரத்தம் எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.