உஷார்! சாட்சியா, பிணையாளியா? ஒப்பமிடும் முன் பாருங்கள்

கித்துல்கல, யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் இருக்கும் அக்காமார், அண்ணன்மார் எல்லோரும் இதைக் கவனமாகப் படியுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். கடன் கொடுப்பவர்கள் இப்போது லயத்து வாசலுக்கே வருகிறார்கள். பக்கத்துக் காம்பராக்காரர் கடன் எடுக்கிறார். "சும்மா ஒரு சாட்சிக் கையெழுத்துத்தான், போட்டுக் கொடுங்க" என்கிறார்கள். பேப்பர் முழுக்க ஆங்கிலம். நாளெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்த களைப்பில், முகத்துக்காக ஒப்பமிட்டு விடுகிறோம்.

அந்த இடத்தில் அச்சாகியிருப்பது 'விட்னஸ்' என்ற சொல்லா, 'கேரண்டர்' என்ற சொல்லா? இதைப் பார்க்காமல் பேனாவைத் தொடாதீர்கள். விட்னஸ் என்றால் சாட்சி. இன்னார் என் கண் முன்னால் ஒப்பமிட்டார் என்பதற்கு மேல் அவருக்குப் பொறுப்பில்லை. கடனில் ஒரு சதமும் அவர் தலையில் விழாது. கேரண்டர் என்றால் பிணையாளி. கடன் எடுத்தவர் கட்டாவிட்டால் அவர் கட்ட வேண்டும்.

அதோடு முடியவில்லை. நம் நாட்டுச் சட்டம் பிணையாளிக்கு இரண்டு பாதுகாப்புகளைக் கொடுக்கிறது. முதலில் கடன் எடுத்தவரிடம் வசூலிக்கப் பார், பிறகு என்னிடம் வா என்று அவர் சொல்லலாம். பிணையாளிகள் பலர் இருந்தால், என் பங்கை மட்டும் கேள் என்றும் சொல்லலாம். ரோமன் டச்சுச் சட்டம் வழியாக வந்த உரிமைகள் இவை. ஆனால் பிணைப் பத்திரங்களில் பெரும்பாலும், இந்த இரண்டையும் நானே விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒரு வரி இருக்கும். 'ஜொய்ன்ட்லி அண்ட் செவரலி' என்ற சொற்களும் இருக்கும். சேர்ந்தும் பொறுப்பு, தனித்தனியாகவும் பொறுப்பு என்று அர்த்தம். மூன்று பேர் பிணை நின்றாலும், முழுத் தொகையையும் உங்கள் ஒருவரிடமே கேட்க அது வழி விடுகிறது. பெண்கள் குழுவாகச் சேர்ந்து எடுக்கும் கடன்களில் இதை இரட்டிப்புக் கவனத்தோடு பாருங்கள்.

அடுத்தது லீசிங். ஆட்டோ எடுத்தாலும் மோட்டார் சைக்கிள் எடுத்தாலும் "லோனில் எடுத்தேன்" என்கிறோம். லோன் வேறு, லீஸ் வேறு. லோன் என்றால் பணம் கடன், வண்டி உங்களுடையது. லீஸ் என்றால் வண்டி கம்பனியுடையது. நீங்கள் தவணை கட்டி அதைப் பாவிக்கிறீர்கள், கடைசித் தவணை முடிந்து மாற்றித் தரும் வரைக்கும். வண்டிப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். 'ரெஜிஸ்டர்ட் ஓனர்' என்பதில் உங்கள் பெயர் இருக்கும், 'அப்சலூட் ஓனர்' என்பதில் கம்பனியின் பெயர் இருக்கும். இரண்டும் ஓனர்தானே என்று எண்ண வேண்டாம். தவணை தவறினால் சீசிங்காரர் வந்து நிற்பது அந்த இரண்டாவது பெயரின் பலத்தில்தான். பழைய ஆட்டோ வாங்கப் போகிறவர்களும் அந்த இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அங்கே ஒரு கம்பனியின் பெயர் இருந்தால், அதன் விடுவிப்புக் கடிதம் கைக்கு வராமல் விற்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

வட்டியிலும் இப்படி ஒரு ஜோடி உண்டு: 'ஃபிளாட்', 'ரெடியூசிங்'. இரண்டிலும் 15 சதவீதம் என்றே சொல்வார்கள். கணக்கைப் பாருங்கள். 5 லட்சம் ரூபாய், 4 வருடம். ஃபிளாட் என்றால் நீங்கள் கட்டிக் குறைத்த பணத்துக்கும் சேர்த்துக் கடைசி வரை வட்டி: மொத்தம் 3 லட்சம். ரெடியூசிங் என்றால் மிச்சமிருக்கும் கடனுக்கு மட்டும் வட்டி: ஏறக்குறைய 1 லட்சத்து 68 ஆயிரம். ஒரே 15, வித்தியாசம் 1 லட்சத்து 32 ஆயிரம். எத்தனை நாள் பேர் போட்டால் அந்தக் காசு கைக்கு வரும் என்று நினைத்துப் பாருங்கள்.

வேலையை விட்டு நிற்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 'ரிசைன்' என்றால் தானாக விலகுவது, 'ரிட்டயர்' என்றால் வயதாகி ஓய்வு பெறுவது. நீயாக விலகினால் கிரஜுவிட்டி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1983-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தவர் எப்படி விலகினாலும் அது அவருக்குச் சேர வேண்டிய பணம். நாட்கூலிக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். சேமலாப நிதி வேறு கணக்கு. அதை எடுப்பதற்கு ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதாக வேண்டும். கல்யாணமாகி வேலையை விடும் பெண்களுக்கும், நிரந்தரமாக இயலாமற்போனவர்களுக்கும் விலக்கு உண்டு.

வெளிநாட்டுக்குப் போகும் பிள்ளைகள் விசாவைப் பாருங்கள். 'விசிட்' என்று இருந்தால் அது வேலை விசா அல்ல, போன பிறகு மாற்றித் தருவோம் என்று எவர் சொன்னாலும் சரி. மியன்மாரின் மோசடி முகாம்களில் அகப்பட்ட இலங்கைப் பிள்ளைகளும் கணினி வேலை என்று நம்பித்தான் போனார்கள். இந்த ஏமாற்று புதிதல்ல. வெளிநாட்டார் நம் ஊருக்கு வந்து தேடிப் பார்க்கிறார்களே, 1957-இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' படத்துக்குக் களனி கங்கையில் பாலம் கட்டிய இடம், அந்தப் படத்தின் கதை சயாம்–பர்மா ரயில் பாதையைப் பற்றியது. மலாயாத் தோட்டங்களிலிருந்து அந்தப் பாதை போடக் கூட்டிப்போன தமிழர்கள் ஆயிரமாயிரமாய் மாண்டார்கள். அவர்களுக்கும் கொஞ்ச நாள் வேலை, நல்ல கூலி என்றுதான் சொல்லப்பட்டது. புறப்படும் முன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

அரசாங்க அலுவலகத்தில் தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் கேட்கலாம். 1988-இன் 16-ஆவது திருத்தம் வடக்கு கிழக்குக்கு வெளியே இருக்கும் நமக்கும் அந்த உரிமையைத் தந்திருக்கிறது. தனியார் கம்பனியிடம் அது செல்லாது. அங்கே வேறு வழி: பேப்பரை வீட்டுக்கு வாங்கி வந்து, ஆங்கிலம் தெரிந்த ஆசிரியரிடம் காட்டிவிட்டு ஒப்பமிடுங்கள். தர மாட்டோம் என்றால் ஒப்பமிட வேண்டாம். சாட்சி மட்டும்தான் என்று அடித்துச் சொன்னால், ஒப்பத்துக்கு மேலே 'சாட்சியாக மட்டும்' என்று உங்கள் கைப்படத் தமிழில் எழுதுங்கள். அதை எழுத விடாமல் தடுத்தால், அவர் கேட்பது பிணை.