உடைந்த தெர்மாமீட்டரும் துடைப்பமும்

தெர்மாமீட்டர் கைதவறி விழுந்து உடைந்தால் வீட்டில் யாராவது உடனே துடைப்பத்தை எடுத்து வருவார்கள். கண்ணாடிச் சில்லு பிள்ளைகள் காலில் குத்திவிடக் கூடாதே என்ற பதற்றம். ஆனால் சில்லோடு சிதறிய பாதரசத்தின் மேல் துடைப்பம் படவே கூடாது. பெருக்கப் பெருக்க ஒவ்வொரு மணியும் பொடிப்பொடியாக உடைந்து, டைல்ஸ் இடுக்கிலும் கட்டிலடியிலும் போய் ஒளிந்துகொள்ளும். வேக்குவம் கிளீனர் இன்னும் மோசம், நச்சாவியை அறை முழுக்க ஊதிவிடும்.

பாதரசம் சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூச்சோடு உள்ளே போவதில் ஏறக்குறைய 80 சதவீதம் ரத்தத்தில் கலந்து மூளையையும் சிறுநீரகத்தையும் எட்டும். விழுங்கிய பாதரசமோ பெரும்பாலும் மலத்தோடு போய்விடும். எனவே குழந்தை தெர்மாமீட்டரைக் கடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயில் கண்ணாடி கீறியிருக்கிறதா என்று பார்த்து மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

ஒரு தெர்மாமீட்டரில் இருப்பது ஏறக்குறைய ஒரு கிராம்தான். உடனே ஒழுங்காக அள்ளிவிட்டால் பெரிய கெடுதல் வராது. அள்ளாமல் விட்ட அறையை மூடி ஏசி போட்டுப் புழங்குவதும், அந்தத் தரையில் குழந்தை தவழ்வதும்தான் ஆபத்து. அதிகமாகச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் இருமல், நெஞ்சு இறுக்கம், மூச்சுத்திணறல் வரலாம். நாள்பட்டால் கை நடுக்கம், மறதி, தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல். சில குழந்தைகளுக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரியும். தெர்மாமீட்டர் உடைந்ததை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள், சொல்லாவிட்டால் சாதாரண சளி, காய்ச்சல் என்றே மருந்து எழுதுவார்கள். ஆலோசனைக்கு 104, மூச்சுத் திணறினால் 108.

இந்த நஞ்சைத் தமிழ்நாடு கொடைக்கானலில் கண்டிருக்கிறது. இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் தெர்மாமீட்டர் ஆலையிலிருந்து வந்த பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு, 2001 மார்ச்சில் ஊருக்குள்ளேயே ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்தது தெரியவந்து, ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016-இல். இடையில் போனது 15 ஆண்டுகள்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் வெளியே அனுப்பிவிட்டு, ஃபேனையும் ஏசியையும் நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, உள்கதவைச் சாத்துங்கள். மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள், பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்துவிடும். கையுறை போட்டுக்கொண்டு, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகள் இரண்டால் மணிகளை மெல்ல ஒன்றை நோக்கி ஒன்று தள்ளுங்கள். தொட்டதும் ஒட்டிக்கொள்ளும். பிறகு விளக்கை அணைத்து, செல்போன் டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடியுங்கள். சுத்தமாகிவிட்டது என்று நினைத்த இடத்தில் குண்டூசி முனையளவு புள்ளிகள் மின்னும். அவற்றைச் செலோ டேப்பால் ஒற்றி எடுங்கள். அட்டை, டேப், சில்லு எல்லாம் இறுக்கமான மூடி போட்ட பாட்டிலுக்குள் போகட்டும். சிங்க்கில் கொட்டவோ, நெருப்பில் போடவோ, பாதரசம் பட்ட துணியை வாஷிங் மெஷினில் போடவோ வேண்டாம். ஜன்னல் ஒரு நாள் முழுக்கத் திறந்தே இருக்கட்டும்.

அந்தப் பாட்டிலை எங்கே கொடுப்பது? 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், உடைந்த பாதரசத் தெர்மாமீட்டரைப் பெயர் சொல்லியே வீட்டு அபாயக் கழிவில் சேர்த்தன. அதைத் தனியாக வாங்கிக்கொள்ள மையம் அமைப்பது உள்ளாட்சியின் கடமை என்றும் சொல்லின. பல ஊர்களில் அப்படி ஒரு மையம் இருப்பதே மக்களுக்குத் தெரியாது என்பது வேதனை. தூய்மைப் பணியாளர் வெறுங்கையால் பிரிக்கும் குப்பையில் நாம் இதைப் போடுவது அநியாயம்.

புதிதாக வாங்குவதானால் டிஜிட்டல் தெர்மாமீட்டரே வாங்குங்கள். உங்கள் வார்டில் அபாயக் கழிவை எங்கே வாங்குகிறார்கள் என்று நகராட்சியில் கேளுங்கள். பதில் வராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். 30 நாளுக்குள் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.