நீரிழிவாளரின் பாத எரிச்சலும் பி-12 குறைவும்

நீரிழிவு பல ஆண்டுகள் நீடித்தவருக்கு முதலில் கால்விரல்களில் மதமதப்பும், பின்னர் இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் எரிச்சலும் தோன்றுவதுண்டு. பாதத்தில் இது தொடங்குவதற்குக் காரணம் உண்டு. முதுகுத்தண்டிலிருந்து கால்விரல் வரை செல்லும் நரம்புகளே உடலில் மிக நீளமானவை. இரத்தத்தில் மிகுந்த சர்க்கரையால் நரம்பிழைகளும் அவற்றுக்கு ஊட்டமளிக்கும் நுண்குழாய்களும் கெடும்பொழுது, நீண்ட நரம்பின் நுனியே முதலில் நலிவுறுகிறது.

சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் இக்கேடு குறையும் என்பது 1993-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியால் உறுதிப்பட்டது. இன்சுலினையே நம்பி வாழும் முதல் வகை நோயாளிகள் 1,441 பேர் அதில் கண்காணிக்கப்பட்டனர். கண்டிப்பான சிகிச்சை பெற்றோரிடம் நரம்புக்கேடு சுமார் 60 சதவீதம் குறைந்திருந்தது. நம் நாட்டில் பெருவாரியாகக் காணும் இரண்டாம் வகையிலோ பயன் இவ்வளவு தெளிவாக இல்லை. ஆகவே இவர்களிடம் சர்க்கரையோடு பிற காரணங்களையும் தேட வேண்டியிருக்கிறது.

அத்தகைய காரணம் ஒன்று பி-12 வைட்டமின் குறைவு. புனே கே. இ. எம். மருத்துவமனையின் நீரிழிவுப் பிரிவைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் அவர்தம் குழுவினரும் கிராமம், சேரி, நகர நடுத்தர வகுப்பு ஆகியவற்றைச் சேர்ந்த நடுவயது ஆடவர் 441 பேரை ஆராய்ந்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களுள் 67 சதவீதத்தினரிடம் இவ்வைட்டமின் குறைவாக இருந்தது. நகர நடுத்தர வகுப்பினரிடம் இது 81 சதவீதம்! வசதி இருந்தும் குறைவு நேர்ந்ததற்குப் புலால் உண்ணாமை ஒரு முக்கிய காரணம். பி-12 தாவர உணவில் கிடைப்பதில்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலேயே உண்டு.

இக்குறைவு தனித்தே நரம்பைக் கெடுக்க வல்லது. அதன் எரிச்சலையும் நீரிழிவின் எரிச்சலையும் நோயாளி வேறுபடுத்தி அறிய இயலாது. மேலும், நீரிழிவுக்குப் பரவலாக வழங்கப்படும் மெட்பார்மின் மாத்திரை நெடுநாள் உட்கொள்வோருக்குக் குடல் இவ்வைட்டமினை ஈர்ப்பதைக் குறைக்கிறது. அதற்காக மாத்திரையைத் தாமே நிறுத்துதல் கூடாது. இரத்தப் பரிசோதனையில் குறைவு தெரிந்தால், மருத்துவர் ஊசியாகவோ மாத்திரையாகவோ பி-12 அளிப்பார். காலந்தாழ்ந்தால் நரம்பு முற்றிலும் மீளாமற் போகலாம்.

உணவைப் பற்றி ஒரு சொல். அரிசியை விலக்கிக் கோதுமையை வேண்டிய மட்டும் உண்போர் பலர். கேழ்வரகே ஆயினும் கூழாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை விரைந்து ஏறும். தானியம் எதுவாயினும் அளவைக் குறைத்து, பருப்பும் காய்கறியும் கூட்டிக்கொள்வதே தக்கது. நெடுங்காலம் மிகுந்திருந்த சர்க்கரையை மருந்தால் மிக விரைவாகக் குறைத்தாலும் சிலருக்கு நரம்பு வலி கூடுவதுண்டு. படிப்படியான குறைப்பே நலம்.

களப்பணியாளர் கவனிக்க வேண்டியது வேறொன்றும் உண்டு. “எரிச்சல் போய்விட்டது” என்று நோயாளி மகிழ்வுடன் கூறினால், உணர்ச்சியே போயிருக்கவும் கூடும். அவரைக் கண்களை மூடச் செய்து, கால்விரல் நுனிகளை விரலால் மெல்லத் தொட்டுக் கேட்க வேண்டும். தொடுவது தெரியவில்லையெனில், வெந்நீரில் கால் வைப்பதையும் வெறுங்காலுடன் நடப்பதையும் அன்றே விலக்கச் சொல்லி, மருத்துவரிடம் அனுப்புக.