பலாச்சுளையும் பி12-உம்

கிள்ளானில் பலாப்பழம் வெட்டுபவரைப் பார்த்திருப்பீர்கள். பிளந்து, சடையை விலக்கி, சுளையைப் பிதுக்கியெடுத்துப் பையில் போட்டுத் தருவார். பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டோடு வரும் மட்டன் பிரட்டலிலும் மீன் குழம்பிலும் வைட்டமின் பி12 இப்படித்தான் புரதச் சடைக்குள் சிக்கியிருக்கிறது. அதை வெட்டும் கத்தி பெப்சின் என்ற என்சைம். கத்தி உறையோடுதான் சுரக்கும்; உறையைக் கழற்றுவது இரைப்பை அமிலம்.

‘கேஸ்ட்ரிக்’ என்று நாம் விழுங்கும் ஒமெப்ரசோல் அமிலம் சுரக்கும் பம்பை அடைத்துவிடுகிறது. நெஞ்செரிச்சல் அடங்கும், கத்திகளில் பல உறையிலேயே கிடக்கும்.

மாவுச்சத்தை வெட்டும் கத்தி வேறு; அதை ஏமாற்றும் நீரிழிவு மாத்திரையும் உண்டு. அக்கார்போஸ், மாவுச்சத்துத் துண்டு போலவே வேடம் போட்டுக் குடல் என்சைமின் வாயில் மாட்டிக்கொள்ளும்; அறுபடாது, இடத்தையும் விடாது. அதனால்தான் முதல் கவளத்தோடு சாப்பிடச் சொல்கிறார்கள். வெட்டுப்படாத சோறு பெருங்குடலுக்குப் போய்க் கிருமிகளுக்கு விருந்தாகும், வயிறு உப்பும். கூடவே இன்சுலினும் போடுபவருக்குச் சர்க்கரை தாழ்ந்து தலை சுற்றினால், சீனி போட்ட தேநீர் சட்டென்று கைகொடுக்காது. சீனியையும் அதே கத்திதான் வெட்ட வேண்டும். குளுக்கோஸ் தூளே வேண்டும்.

இன்னொரு நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மின் எந்தக் கத்தியையும் தொடுவதில்லை. பி12 சுளை ஏறும் பை ஒன்று உண்டு: இரைப்பையே சுரக்கும் ஒரு புரதம். அந்தப் பையைச் சிறுகுடலின் கடைக்கோடியில் ஒரு கவுன்டர் வாங்கிக்கொள்ளும். அது திறக்கக் கால்சியம் வேண்டும். மெட்ஃபார்மின் அந்தக் கால்சிய வேலையில் குறுக்கிடுகிறது என்பதே நெடுநாளாகச் சொல்லப்படும் விளக்கம். மாத்திரையாக வரும் பி12 உரித்த சுளை. அதற்குக் கத்தி வேண்டாம், பையும் கவுன்டரும் போதும்.

ஈரலில் பி12 சில ஆண்டுகளுக்குக் கையிருப்பு இருக்கும். ஆகவே தைப்பூச விரதத்தால் ஒன்றும் ஆகிவிடாது. வருடக்கணக்கில் மெட்ஃபார்மினும் ஒமெப்ரசோலும் சேர்த்துச் சாப்பிடுபவரும், காலமெல்லாம் சைவமாக இருப்பவரும்தான் கவனிக்க வேண்டும். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களிடையே 31.4. நம் வீடுகளில் மெட்ஃபார்மின் உப்பு, புளி மாதிரி.

கால் மரத்து, செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடந்தால், “இனிப்பு நீர்தானே, அப்படித்தான் இருக்கும்” என்று வீட்டில் முடித்துவிடுவார்கள். நீரிழிவும் அதைச் செய்யும், பி12 குறைவும் அதையே செய்யும். காலைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அடுத்த தடவை கிளினிக்கில் ரத்தம் எடுக்கும்போது, “டாக்டர், பி12-உம் சேர்த்துப் பார்க்கலாமா?” என்று கேளுங்கள்.