ஸ்லீவா, பைபாஸா? மாமா கேட்ட கேள்வி

போன சித்ரா பௌர்ணமிக்கு மாமாவும் எங்களோட கிரிவலம் வந்தார். 14 கிலோமீட்டர் சுத்தணும்னு கிளம்பினவர் மூணாவது லிங்கத்தோட நின்னுட்டார். எம லிங்கம். "உட்கார வேற லிங்கமே கிடைக்கலையா மாமா?"ன்னு நாங்க கிண்டல் பண்ணோம். அவர் சிரிக்கல. மூட்டைப் பிடிச்சுக்கிட்டு, "நீங்க சுத்திட்டு வாங்க மாப்ள, நான் இங்கேயே இருக்கேன்"னு மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் வாட்ஸ்அப்ல எனக்கு ஒரு ரீல் அனுப்பினார். எடை குறைக்கும் ஆபரேஷன், பேக்கேஜ் ரேட், மூணே நாள்ல வீடு. கீழே ஒரு கேள்வி: "ஸ்லீவ்னு ஒண்ணு, பைபாஸ்னு ஒண்ணு இருக்காம். எதுடா நல்லது?"

நான் மெக்கானிக்கல் ஃபைனல் இயர், டாக்டர் இல்ல. ஆனா அதுக்கப்புறம் ரெண்டு மாசம் அவரோட ரெண்டு ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சேன், கிடைச்சதையெல்லாம் படிச்சேன். உங்க வீட்லயும் ஒருத்தர் இதே கேள்வியைக் கேட்கலாம். அதனால எனக்குப் புரிஞ்சதை எழுதுறேன்.

முதல்ல, யாருக்கு இது?

எடையை (கிலோ) உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால வகுத்தா வர்றது பி.எம்.ஐ. மாமா 108 கிலோ, 165 சென்டிமீட்டர். கணக்கு போட்டா 39.7. 2022-ல வந்த சர்வதேச வழிகாட்டுதல்படி, 35-க்கு மேல இருந்தா வேற நோய் இல்லாட்டியும் ஆபரேஷனை யோசிக்கலாம். ஆசியர்களுக்குக் குறைஞ்ச எடையிலேயே சர்க்கரை மாதிரி நோய்கள் வர்றதால, நமக்கு அந்த எல்லை 27.5-ன்னு அதே வழிகாட்டுதல் சொல்லுது. அதுக்காக 28 இருக்கிற எல்லாரும் டேபிள்ல படுக்கணும்னு அர்த்தம் இல்ல. சாப்பாடு, நடை, மருந்து எல்லாம் முயற்சி பண்ணின பிறகுதான் இது. மவுன்ஜாரோ, வெகோவி ஊசிகளும் 2025-ல இந்தியாவுக்கு வந்தாச்சு. அதையும் டாக்டர்கிட்ட கேளுங்க. ஊசியை நிறுத்தினா பெரும்பாலானவங்களுக்கு எடை திரும்ப ஏறுது, அதையும் மனசுல வெச்சுக்கோங்க.

ஸ்லீவ்: பையைக் குழாயாக்குறது

இரைப்பையில 70–80 சதவீதத்தை நீளவாக்குல வெட்டி எடுத்துடுவாங்க. மீதி இருக்கிறது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய். குடல்ல கை வைக்கிறதில்ல. பசியைத் தூண்டுற கிரெலின் ஹார்மோன் அதிகமா சுரக்கிற பகுதியும் வெட்டின துண்டோட போயிடும். அதனால கொஞ்சம் சாப்பிட்டாலே நிறையும், பசியும் குறையும். ஆபரேஷன் நேரமும் பைபாஸை விடக் குறைவு. உலகத்துலயே இப்போ அதிகமா நடக்கிறது இதுதான். ஆனா வெட்டினதைத் திரும்ப ஒட்ட முடியாது.

இன்னொரு சிக்கல் நம்ம சப்ஜெக்ட். அகலமான பையைக் குறுகலான குழாயாக்கி, கீழே இருக்கிற வால்வை அப்படியே விட்டா என்ன ஆகும்? உள்ளே அழுத்தம் ஏறும். அந்த அழுத்தத்துல அமிலம் மேல உணவுக்குழாய்க்கு எதுக்களிச்சு வரும்.

பைபாஸ்: ரூட்டையே மாத்துறது

அமெரிக்காவுல அயோவா பல்கலைக்கழகத்துல எட்வர்ட் மேசன் 1966-ல தொடங்கி வெச்சது. இப்போ பண்ற முறையில, இரைப்பையின் மேல் பகுதியைச் சுமார் 30 மில்லி பிடிக்கிற சின்னப் பையா பிரிச்சு, சிறுகுடலைக் கொஞ்சம் தள்ளி வெட்டி நேரா அதுல இணைப்பாங்க. சாப்பாடு பெரிய இரைப்பையையும் குடலின் முதல் பகுதியையும் தொடாம போகும். திண்டிவனம் ஊருக்குள்ள போகாம பைபாஸ்ல போற பஸ் மாதிரி. சாப்பாடு கீழ்க்குடலுக்குச் சீக்கிரம் போய்ச் சேர்றதால இன்சுலினைத் தூண்டுற ஹார்மோன்கள் கூடும். பலருக்கு எடை குறையறதுக்கு முன்னாடியே சர்க்கரை இறங்குறது இதனாலதான்.

விலையும் உண்டு. இரும்பு, கால்சியம், பி12 சரியா உறிஞ்சப்படாது. ஸ்வீட் சாப்பிட்டா படபடப்பு, வியர்வை, வயித்துப்போக்கு வரலாம். இணைச்ச இடத்துல புண் வரலாம். சிகரெட் பிடிச்சாலோ வலி மாத்திரை போட்டாலோ அந்த ஆபத்து கூடும்.

1997-ல ராபர்ட் ரட்லெட்ஜ் கொண்டு வந்த மினி பைபாஸும் நம்ம நாட்டுல நிறைய நடக்குது. ரெண்டு இணைப்புக்குப் பதிலா ஒண்ணு. வேலை சுலபம், எடை நல்லா குறையும். ஆனா பித்தநீர் மேல வர வாய்ப்பு உண்டு, சத்துக் குறைபாடும் அதிகமா வரலாம். வயித்துல வளையம் மாட்டுற முறை இப்போ கிட்டத்தட்ட வழக்கொழிஞ்சு போச்சு. பலூன் வைக்கிறது ஆபரேஷனே இல்ல. பொதுவா ஆறு மாசத்துல எடுத்துடுவாங்க.

நம்பர் என்ன சொல்லுது?

பின்லாந்துல 240 பேருக்கு, பாதிக்கு ஸ்லீவ், பாதிக்கு பைபாஸ்னு பண்ணி 10 வருஷம் பின்தொடர்ந்திருக்காங்க. இருக்க வேண்டியதுக்கு மேல இருந்த எடையில ஸ்லீவ்காரங்க 43.5 சதவீதமும் பைபாஸ்காரங்க 50.7 சதவீதமும் குறைச்சிருந்தாங்க. உணவுக்குழாய் புண் ஸ்லீவ்ல 31 சதவீதம், பைபாஸ்ல 7. சர்க்கரை நோய் மறையறதுல அந்த ஆய்வுல பெரிய வித்தியாசம் தெரியல. ஆனா நார்வேல ஒரே வருஷம் கழிச்சுப் பார்த்த ஆய்வுல பைபாஸ் 74, ஸ்லீவ் 47 சதவீதம்.

அதாவது எடையில வித்தியாசம் கொஞ்சம்தான், நெஞ்செரிச்சல்ல மலையும் மடுவும். இது தெரிஞ்சப்புறம் "எது அதிகம் குறைக்கும்?"னு கேட்கிறதை நிறுத்திட்டேன். மாமாவுக்கு ஏற்கனவே என்ன இருக்குன்னு பார்க்க ஆரம்பிச்சேன்.

மாமாவோட லிஸ்ட்

முதல்ல போன இடத்துல எண்டோஸ்கோபி கூடப் பார்க்காம ஸ்லீவுக்குத் தேதி சொன்னாங்க. ரெண்டாவது இடத்துல டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை தலகாணி வெச்சுத் தூங்குறீங்க?" மாமா ரெண்டு வெச்சுத்தான் தூங்குவார். படுத்தா புளிச்ச தண்ணி தொண்டைக்கு வருதுன்னு பல வருஷமா கேஸ் மாத்திரை போடுறார். எண்டோஸ்கோபியில புண் தெரிஞ்சுது. ஸ்லீவ் வேண்டாம், பைபாஸ்தான் பொருந்தும்னார்.

அதோட முடியல. மாமாவுக்குத் தினமும் நாலு சிகரெட். மூட்டு வலிக்கு மெடிக்கல்ல தானே வாங்கிப் போடுற மாத்திரை வேற. ரெண்டுமே பைபாஸுக்கு ஆகாது. 11 வருஷச் சர்க்கரை, இன்சுலின் வேற போடுறார். அதனால ஊசி குறையலாம், முழுசா நின்னுடும்னு உறுதி தர முடியாதுன்னும் அந்த டாக்டர் நேராவே சொன்னார். ரீல்ல யாரும் அப்படிச் சொல்லல.

எந்த ஆபரேஷனா இருந்தாலும் விட்டமின் மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் வாழ்நாள் முழுக்க உண்டு. தினம் குறைஞ்சது 60 கிராம் புரோட்டீன் வேணும். ஒரு முட்டையில 6 கிராம், ஒரு இட்லியில சுமார் 2. சைவம்னா இன்னும் திட்டம் போடணும். குழந்தைக்குத் திட்டமிடுற பெண்கள் 12 முதல் 18 மாசம் தள்ளிப் போடணும். குடிச்சா சட்டுனு ஏறும், இதுவும் நம்ம வயசுக்காரங்க தெரிஞ்சுக்க வேண்டியது.

எங்கே பண்றது?

2024 ஏப்ரல்ல, இருபதுகள்ல இருந்த ஒரு புதுச்சேரி இளைஞர் சென்னைக்குப் பக்கத்துல இந்த ஆபரேஷனுக்குப் போய் உயிரிழந்தார். சுகாதாரத் துறை விசாரிச்சு, அவசர நிலையைச் சமாளிக்கப் போதுமான வசதி இல்லைன்னு அந்த ஆஸ்பத்திரியின் பதிவைத் தற்காலிகமா நிறுத்தியது. அவருக்கும் நமக்கும் சில வயசுதான் வித்தியாசம். அனுபவமுள்ள இடத்துல இந்த ஆபரேஷன்ல இறப்பு அபூர்வம். அதனாலதான் இடம் முக்கியம். தயங்காம கேளுங்க: ஐ.சி.யூ. இதே கட்டடத்துல இருக்கா? மயக்க மருந்து டாக்டர் முழுநேரமா? வருஷத்துக்கு எத்தனை பண்றீங்க? ராத்திரி ரெண்டு மணிக்கு வாந்தி நிக்கலைன்னா யாருக்குப் போன் பண்ணணும்? திருவண்ணாமலையிலிருந்து சென்னை நாலு மணி நேரம். அதனால கடைசிக் கேள்வி நமக்கு ரொம்ப முக்கியம்.

இன்ஷூரன்ஸையும் முன்கூட்டியே படிங்க. பெரும்பாலான பாலிசிகள்ல பி.எம்.ஐ. 40, இல்லன்னா கட்டுப்படாத சர்க்கரை மாதிரி குறிப்பிட்ட நோய்களோட 35 இருந்தாத்தான் பணம் வரும். டாக்டர் சரின்னு சொல்றதும் கம்பெனி சரின்னு சொல்றதும் வேற வேற.

மாமா இன்னும் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கல. சிகரெட்டை விட்டு ஆறு வாரம் ஆச்சு. மூட்டுக்கு பிசியோதெரபி போறார். டயட்டீஷியன் எழுதிக் கொடுத்த சீட்டு அத்தை வீட்டு ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்கு. நேத்து போன்ல, "மாப்ள, இதெல்லாம் ஒழுங்கா பண்ணா ஆபரேஷனே வேண்டாம் போலிருக்கே"ன்னார். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அடுத்த மாசம் டாக்டரைப் பார்க்கும்போது தெரியும். ஆனா இப்போ அவர்கிட்ட ரீல் இல்ல, கேட்க வேண்டிய கேள்விகள் ஒரு பக்கம் எழுதி வெச்சிருக்கார்.