காலடியில் ஒரு பக்கி

லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல். அதையொட்டித் திராட்சைப் பந்தல்கள், தென்னந்தோப்புகள். கம்பம் பள்ளத்தாக்கு என்றதும் கண்ணில் நிற்பது முல்லைப்பெரியாறு தந்த இந்தப் பச்சைதான். வயலுக்கும் மலைக்கும் நடுவே உடைமுள்ளும் சரளைக்கல்லுமாய்க் கிடக்கும் கரடுகளை யாரும் நின்று பார்ப்பதில்லை. இரவில் இரைதேடும் பக்கிப் பறவையின் வீடு அங்கேதான்.

போடிக்கு அருகே அப்படியொரு கரட்டில், சித்திரை வெயில் ஏறத் தொடங்கியிருந்த நேரம். ஆட்டுத்தடத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்த பெரியவர் சட்டென்று கம்பை நீட்டி மறித்தார். “காலை வைக்காதீங்க தம்பி, பக்கி படுத்திருக்கு.”

கம்பு காட்டிய இடத்தில் சருகும் கல்லும்தான் தெரிந்தன. உற்றுப் பார்த்தபோது சருகுகளுக்கு நடுவே மெல்லிய கீறல் ஒன்று. முக்கால்வாசி மூடிய கண் அது! அதைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் மற்றதெல்லாம் துலங்கியது: சாம்பல் முதுகில் கறுப்புக் கீற்றுகள், பிடரியில் வெளிர்மஞ்சள் பட்டை, அலகோரம் விறைத்த முடிகள். உடலில் ஓர் அசைவில்லை. வெக்கை தாளாமல் தொண்டை மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

இன்னும் ஓரடி வைத்ததும் சத்தமில்லாமல் எழும்பி, சிறகொடிந்ததுபோல் தத்தித்தத்தி எங்களைத் திசைதிருப்பப் பார்த்தது. அது எழுந்த இடத்தில் கூடென்று எதுவுமில்லை. வெறுந்தரையில் செம்பழுப்புத் திட்டுகளோடு இரண்டு முட்டைகள். “பாத்தது போதும், வாங்க. வெயில்ல முட்டை வெந்துரும்” என்று பெரியவர் நடையைக் கட்டினார். பறவை ஆர்வலர்கள் பலருக்குச் சொல்லித்தர வேண்டிய பாடம் அவருக்குத் தானாகவே தெரிந்திருந்தது.

பக்கி இப்படித் தரையோடு கலந்துவிடுவது தற்செயலல்ல. எக்சிட்டர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவில் தரையில் முட்டையிடும் பறவைகளை ஆராய்ந்து, 2017-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆள்காட்டி வகைப் பறவைகள் ஆபத்து வந்தால் சீக்கிரமே எழுந்துவிடும். அதனால் தங்கள் முட்டையின் நிறத்துக்குப் பொருந்தும் தரையைத் தேர்ந்தெடுக்கின்றன. பக்கி கடைசி நொடிவரை எழாது. அதனால் தன் இறகுக்குப் பொருந்தும் தரையைத் தேர்ந்தெடுக்கிறது. அதுவும் இனத்துக்குப் பொதுவாக அல்ல, ஒவ்வொரு பறவையும் தன் சொந்த நிறத்துக்கு ஏற்றபடி! எனக்கு இது பெரிய வியப்பு.

இரவில் பக்கி ஆட்டுமடியில் பால் குடிக்கும் என்று அரிஸ்டாட்டில் எழுதிவைத்தார். ஐரோப்பா நூற்றாண்டுகளாக அதை நம்பியது. உண்மையில் ஆட்டுப்பட்டியைச் சுற்றும் பூச்சிகளுக்காகத்தான் அது வருகிறது. அந்துப்பூச்சிகளையும் வண்டுகளையும் அகன்ற வாயால் பறந்தபடியே பிடித்துத் தின்னும். இருட்டியதும் கூழாங்கல்லைக் கட்டாந்தரையில் உருட்டிவிட்டதுபோல் ‘சுக்-சுக்-சுக்ர்ர்ர்’ என்று கேட்டால், அது நம்மூர்ப் பக்கிதான்.

பருந்தையும் நரியையும் ஏமாற்றும் இந்த அசையாமை டயரிடம் பலிப்பதில்லை. இரவில் தார்ச்சாலையில் வந்து உட்காரும் பக்கி, விளக்கொளியில் திகைத்து அங்கேயே அடிபடுகிறது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது நல்ல செய்தி. ஆனால் அந்த எல்லைக்கு வெளியே கிடக்கும் கரடுகளை வெறும் தரிசு என்றே நினைக்கிறோம். கிராவல் அள்ளுகிறோம், கோடையில் புல்லுக்குத் தீ வைக்கிறோம். முட்டையின் மேல் அசையாமல் படுத்திருக்கும் பறவைக்குத் தீயிடமிருந்து என்ன பாதுகாப்பு?

தேவாரம், கோம்பை பக்கம் இரவில் வண்டியில் போகிறவர்கள் சாலையில் செந்நிறமாய்க் கண்கள் மின்னுவதைக் கண்டால் வேகத்தைக் குறைத்து, விளக்கைத் தாழ்த்துங்கள். அது எழுந்து போக அந்த ஒரு நொடி போதும்.