ராமேஸ்வரத்துக்கு ஒரு ராத்திரி தங்குகிற மாதிரி போங்க! சேலம், நாமக்கல் குடும்பங்களுக்கு ஒரு தீவுப் பயணத் திட்டம்

சேலம், நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் மேட்டூர் அணை. இல்லாவிட்டால் மோகனூர், பரமத்தி வேலூர் காவிரி. கொஞ்சம் மூச்சு வாங்கிப் படி இறங்கினால் கொல்லிமலை ஆகாய கங்கை. கடல் மட்டும் தூரம்தான். எந்தத் திசையில் கிளம்பினாலும் ஏறத்தாழ 200 கி.மீ. தாண்டினால்தான் அலைச் சத்தம் கேட்கும். நாட்டின் எல்லாத் துறைமுகங்களுக்கும் லோடு ஏற்றிப் போய் வந்த டிரைவர்கள் நாமக்கல்லில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஆனால், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளே கடலை முதன்முதலில் பார்ப்பது பெரும்பாலும் ராமேஸ்வரத்தில்தான்.

அந்தப் பயணமும் வழக்கமாக ஒரே மாதிரிதான் நடக்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி வேன் கிளம்பும். விடியற்காலையில் அக்னி தீர்த்தம், 22 தீர்த்தம், தரிசனம். மதியம் தனுஷ்கோடியில் அரை மணி நேரம், நாலு செல்ஃபி. உடனே திரும்ப வண்டி ஏறிவிடுவார்கள். பாட்டிக்குக் கால் வீங்கியிருக்கும், பிள்ளைகளுக்குக் கடலில் நின்றது போதாது. ஸ்டியரிங் பிடித்தவருக்கு ரெண்டு ராத்திரி தூக்கம் இருக்காது.

இதே பயணத்தில் ஒரு ராத்திரி தங்கினால் போதும். கோயிலும் நிதானமாகக் கிடைக்கும், தீவும் கிடைக்கும். எல்லாவற்றையும்விட, வீட்டுக்குப் பத்திரமாகத் திரும்பலாம்.

எப்படிப் போவது?

சேலத்திலிருந்து நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் வழியாக ராமேஸ்வரம் சுமார் 400 கி.மீ. நாமக்கல்காரர்களுக்கு அதில் 50 கி.மீ. குறையும். மதுரை தாண்டி பரமக்குடி வரை நான்கு வழிச்சாலை இருக்கிறது. அதற்குப் பிறகு இருவழிச் சாலைதான். ராத்திரி முழுக்க ஓட்டி வந்த டிரைவர், கண் சொருகும் விடியற்காலையில் வந்து சேரும் இடம் இந்த இருவழிச் சாலை. அதனால் முதல் நாள் நன்றாகத் தூங்கிவிட்டு, அதிகாலை 4 மணிக்குக் கிளம்புவதே நல்லது. காலை டிபன், டீக்கு நிறுத்தினாலும் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத் தீவுக்குள் போய்விடலாம்.

ரயிலில் போகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. சேலம் - நாமக்கல் - கரூர் பாதை 2013-ல் திறக்கப்பட்ட பிறகு, மதுரைப் பக்கம் போவது சுலபமாகிவிட்டது. மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ரயிலும் பஸ்ஸும் உண்டு. வயதானவர்கள் கூட வந்தால் ரயில் நல்லது. பிள்ளைகள் இருந்தால் இன்னும் நல்லது. ஏனென்றால், பாம்பன் பாலத்தை ரயிலில் கடப்பதே தனி அனுபவம்.

பாலமே முதல் சுற்றுலாத் தலம்

1914-ல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலம், கப்பல் வந்தால் நடுவில் இரண்டாகப் பிரிந்து வழிவிடும். 1964 புயலில் பாலம் பலத்த சேதமடைந்தபோது, அதைச் சரிசெய்யும் பொறுப்பு இளம் இன்ஜினீயரான இ.ஸ்ரீதரனிடம் வந்தது. 46 நாட்களில் வேலையை முடித்தார். பிற்காலத்தில் டெல்லி மெட்ரோவைக் கட்டியவர் இவர்தான்.

வயதாகித் தளர்ந்த அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டது. பக்கத்திலேயே கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறக்கப்பட்டது. நீளம் 2 கி.மீ.க்கு மேல். கடல் மேல் அமைந்த, செங்குத்தாக மேலே தூக்கும் வகைப் பாலம் இந்தியாவிலேயே இதுதான் முதல். நடுவில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி லிஃப்ட் போல அப்படியே 17 மீட்டர் உயரும். அடியில் கப்பல் போகும்.

காரில் போகிறவர்கள் 1988-ல் திறக்கப்பட்ட இந்திரா காந்தி சாலைப் பாலத்தில் போவார்கள். ரயில் பாலம் பக்கத்தில் கீழே தெரியும். ஆசையில் வண்டியை நடுப்பாலத்தில் நிறுத்தாதீர்கள். பின்னால் வரும் பஸ்ஸுக்கும் லாரிக்கும் ஒதுங்க இடம் இருக்காது. மெதுவாகப் போனாலே பிள்ளைகள் ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துவிடுவார்கள்.

முதல் நாள் மாலை: தனுஷ்கோடி

மதியம் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு, 2.30 மணி வாக்கில் தனுஷ்கோடிக்குக் கிளம்பலாம். சொந்த வண்டி இல்லாதவர்களுக்கு ஊரிலிருந்து டவுன் பஸ் ஓடுகிறது. வழியில் பிரிந்து போனால் கோதண்டராமர் கோயில். விபீஷணன் ராமரிடம் சரணடைந்த இடம் என்று சொல்வார்கள். 1964 புயலில் சுற்றியிருந்தது எல்லாம் போன பிறகும் நின்ற கோயில் இது.

அதைத் தாண்டினால் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கடல். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சுமார் 9.5 கி.மீ. தார் ரோடு 2017-ல் வந்தது. அதற்கு முன் போனவர்கள் மணலில் குலுங்கிக் குலுங்கி வேனில் போன கதையைச் சொல்வார்கள்.

வழியில் இடிந்த சர்ச், ரயில்வே ஸ்டேஷன், போஸ்ட் ஆபீஸ் சுவர்கள் நிற்கும். இங்கே வண்டியை நிறுத்திப் பிள்ளைகளிடம் கொஞ்சம் பேசுங்கள். ஒரு காலத்தில் சென்னை எழும்பூரில் ரயில் ஏறினால் நேராக இங்கே வந்து இறங்கலாம். இங்கிருந்து கப்பலில் தலைமன்னார், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு. 'போட் மெயில்' என்று அந்த ரயிலுக்குப் பெயர் வந்தது அதனால்தான். 1964 டிசம்பர் 22-ம் தேதி நள்ளிரவில் அடித்த புயல் அத்தனையையும் முடித்துவைத்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலை அலை இழுத்துக்கொண்டது. அதில் மட்டும் 100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மனிதர்கள் வாழத் தகுதியில்லாத இடம் என்று ஊரை அரசு அறிவித்தது. ஆனாலும் மீனவர்கள் சிலர் திரும்பி வந்து, குடிசை போட்டு, மணலில் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுத்து இன்றும் அங்கே வாழ்கிறார்கள். அந்த மக்கள் கடையில் பொரித்த மீன் வாங்கிச் சாப்பிடுங்கள், சங்கு மாலை வாங்குங்கள். அந்த சுவர்கள் மேல் ஏறி நின்று போட்டோ மட்டும் வேண்டாம்.

அரிச்சல்முனையில் ரோடு முடிகிறது. அசோகச் சின்னத் தூண் நிற்கும் அந்த இடத்திலிருந்து இலங்கையின் தலைமன்னார் சுமார் 30 கி.மீ. தான். மாலையில் நேரம் பார்த்து போலீஸார் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் 5 மணிக்கு மேல் வந்து சூரிய அஸ்தமனம் பார்க்கலாம் என்று திட்டம் போட வேண்டாம்.

ஜனவரி, பிப்ரவரியில் போனால் ரோட்டோரத் தண்ணீரில் பூநாரைகள் கூட்டமாக நிற்பதைப் பார்க்கலாம். அவற்றுக்காகவே 2025 ஜூனில் தனுஷ்கோடியைத் தமிழக அரசு சரணாலயமாக அறிவித்தது. ஹாரன் அடிக்காமல் தள்ளி நின்று பார்த்தால் பறக்காமல் நிற்கும்.

காவிரியில் நீந்தியவர்கள் கவனிக்க!

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

தனுஷ்கோடியில் வடக்குப் பக்கம் இருப்பது பாக் ஜலசந்தி. உள்ளூர்க்காரர்கள் 'பெண் கடல்' என்பார்கள். தெற்குப் பக்கம் மன்னார் வளைகுடா, அது 'ஆண் கடல்'. ஒன்று குளம் மாதிரி கிடக்கும், இன்னொன்று சீறும். காற்று மாறும் மாதங்களில் குணமும் மாறும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் 'பெண் கடலும்' கொந்தளிக்கும். இரண்டும் சேருகிற இடம்தான் அரிச்சல்முனை. அங்கே அடியில் இழுப்பு அதிகம். குளிக்கத் தடை இருப்பது அதனால்தான்.

ஆபத்து அதிகம் நீச்சல் தெரியாதவர்களுக்கு இல்லை. அவர்கள் பயந்து கரையிலேயே நிற்பார்கள். காவிரியிலும் கிணற்றிலும் குதித்து வளர்ந்த பையன்கள்தான் 'எனக்கு நீச்சல் தெரியும்' என்று உள்ளே போவார்கள். ஆற்றில் இழுப்பு ஒரே திசையில் போகும், பக்கத்தில் கரை இருக்கும். கடலில் அலை உள்ளே தள்ளிக் கொண்டுவந்த தண்ணீர், ஒரு குறுகிய பாதையில் வேகமாகத் திரும்பிப் போகும். அதில் மாட்டியவர் கரையைப் பார்த்து நீந்த நீந்தக் களைத்துப்போவார்.

மாட்டிக்கொண்டால் கரையை நோக்கிப் போராடக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து வெளியே வந்து, பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். முடியாவிட்டால் மல்லாந்து மிதந்து கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். இதை வண்டியில் போகும்போதே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். அரிச்சல்முனையில் காலை நனைப்பதோடு சரி. குளியலை மறுநாள் காலை அக்னி தீர்த்தத்தில் வைத்துக்கொள்ளலாம். அங்கேயும் பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொண்டே!

முதல் நாள் ராத்திரி: பிராகாரத்தில் ஒரு நடை

தங்குகிறவர்களுக்கு மட்டும் கிடைப்பது இந்த ஒரு மணி நேரம். சாயங்காலம் தனுஷ்கோடியிலிருந்து திரும்பி, முகம் கழுவிவிட்டு ராமநாதசுவாமி கோயிலுக்குள் சும்மா நடக்கப் போகலாம். மூன்றாம் பிராகாரத்தில் 1,212 தூண்கள் வரிசையாக நிற்கின்றன. செல்போனுக்கு அனுமதி இல்லை என்பதால் யாரும் போட்டோ எடுக்கச் சொல்ல மாட்டார்கள். பாட்டி ஒரு தூணோரம் உட்கார்ந்துகொள்வார், பிள்ளைகள் தூண்களை எண்ணத் தொடங்கி, எண்ணிக்கையை மறந்து, மறுபடி முதலிலிருந்து எண்ணுவார்கள்.

இரண்டாம் நாள் காலை: தீர்த்தமும் தரிசனமும்

அதிகாலையில் ஸ்படிக லிங்க தரிசனம் நடக்கும். அதைப் பார்க்க விரும்புகிறவர்கள் 5 மணிக்கே வரிசையில் நிற்க வேண்டும். பிறகு அக்னி தீர்த்தம், அடுத்து கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். கிணற்றிலிருந்து வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். தரை எப்போதும் ஈரமாக இருக்கும், வழுக்கும். சர்க்கரை, மூட்டு வலி உள்ள பெரியவர்களைக் கைப்பிடித்து அழைத்துப் போக ஒருவர் கூடவே இருக்க வேண்டும். ஈர உடையோடு சன்னதிக்குள் விட மாட்டார்கள், மாற்றுத் துணி கட்டாயம். கட்டணம் போர்டில் எழுதியிருக்கும், அதைப் பார்த்துக் கொடுத்தால் போதும்.

நம் பக்கத்தில் வழக்கமான தர்ப்பணத்துக்கு மோகனூரும் பவானி கூடுதுறையும் இருந்தாலும், ஒருமுறையாவது ராமேஸ்வரத்தில் திதி கொடுக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் அதிகம். ஆடி, தை, மகாளய அமாவாசை நாட்களில் கூட்டம் நெரியும். வயதானவர்களை அழைத்துப் போக அந்த நாட்களைத் தவிர்த்து, சாதாரண அமாவாசையையோ வார நாளையோ தேர்ந்தெடுக்கலாம்.

திரும்பும் வழியில்: கலாம், குந்துகால், மல்லிகை நாற்று

பத்து மணிக்குள் கோயில் முடிந்துவிட்டால், பள்ளிவாசல் தெருவில் அப்துல் கலாம் வாழ்ந்த வீட்டைப் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல், பேப்பர் கட்டுகளை ஓடும் ரயிலிலிருந்து வீசிவிட்டுப் போவார்கள். அதைப் பொறுக்கி விநியோகித்த சிறுவன்தான் பின்னாளில் ஜனாதிபதி ஆனார். ஊரை விட்டு வெளியே வரும் வழியில், பேக்கரும்பில் அவரது நினைவிடம். 2017 ஜூலை 27-ல் திறக்கப்பட்டது. படங்கள், ராக்கெட், ஏவுகணை மாதிரிகள் எல்லாம் இருப்பதால் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும்.

பாம்பன் பக்கத்தில் குந்துகால். சிகாகோ சென்று திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26-ல் இந்தியக் கரையில் கால் வைத்த இடம். நினைவு மண்டபம் இருக்கிறது. எதிரே தெரியும் குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு விடுகிறது. காற்று, அலையைப் பொறுத்துத்தான் ஓடும் என்பதால் போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் சேர்ந்த கடல் தேசியப் பூங்காவில் இதுவும் ஒன்று. பவளப் பாறைத் துண்டுகளை எடுத்து வருவதோ வாங்குவதோ சட்டப்படி குற்றம். ஷோகேஸுக்கு அழகாக இருக்கும் என்று யாராவது விற்றாலும் வேண்டாம்.

வீட்டுக்கு எதாவது வாங்கிப் போக வேண்டுமென்றால், தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்று வாங்கலாம். தமிழ்நாட்டின் பல பகுதிகளுக்கு மல்லி நாற்று போவது இந்தத் தீவிலிருந்துதான். தோட்டம் உள்ள வீடுகளுக்கு இதைவிட நல்ல நினைவுப் பொருள் கிடையாது.

எந்த மாதம் போகலாம்?

ஜனவரி முதல் மார்ச் வரை வெயிலும் காற்றும் தாங்கும்படி இருக்கும். அக்டோபர் - டிசம்பர் மழை, புயல் காலம், வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பள்ளி விடுமுறையான மே மாதத்தில் வெயில் சுடும். தொப்பி, தண்ணீர் பாட்டில் அவசியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால் மீன் விலையும் கூடுதலாக இருக்கும்.

மதியம் 1 மணிக்குள் பாம்பன் பாலத்தைத் தாண்டிவிட்டால், ராத்திரி 9, 10 மணிக்குள் வீடு வந்துவிடலாம். லாட்ஜ் வாடகை ஒரு நாள் கூடுதல்தான். ஆனால், திங்கட்கிழமை காலை பாட்டி கால்வலி இல்லாமல் எழுந்திருப்பார். டிரைவர் தூங்கி எழுந்த முகத்தோடு இருப்பார். பள்ளிக்கூடத்தில் சொல்லப் பிள்ளைகளுக்கு ஒரு முழு கடல் இருக்கும்.